பழைய பிக்கப்: எஞ்சினை இறக்கி வேலை பார்ப்பதா, வேறு எஞ்சின் மாட்டுவதா?

ஆயக்குடியான்:
எங்கள் வீட்டில் இருப்பது பழைய மகிந்திரா பிக்கப், 2523 சி.சி. டிஐ டீசல் எஞ்சின். கொய்யாவும் தக்காளியும் ஏற்றி ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஓடி உழைத்த வண்டி. இப்போது பாரத்தோடு மேடு ஏறினால் நீலப் புகை தள்ளுகிறது. அடிக்கடி ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. வண்டி ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் அங்கேயும் குபுகுபுவென்று புகை வருகிறது. ஒரு மெக்கானிக் எஞ்சினை இறக்கி, பிரித்து வேலை பார்க்கத்தான் வேண்டும் என்கிறார். இன்னொருவர், ஓடிய எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்கிறார். டிராக்டரில் கிளட்ச் மாற்றிப் பழக்கம் உண்டு, எஞ்சினைப் பிரித்ததில்லை. பெரியப்பா வீட்டில் கனம் தூக்கும் செயின் பிளாக் இருக்கிறது. இந்த வேலையை நானே செய்ய விரும்புகிறேன். எந்த வழி சரி?

நாமக்கல் சக்கரம்:
மாற்றிவிடுங்கள் தம்பி. சோறு போடுகிற வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுவிட்டால், காய் பறிக்கும் நாளில் வாடகை வண்டிக்கு அலைய வேண்டும். எஞ்சின் வேலை நம் கையில் மட்டும் இருப்பதில்லை. போர் அடிக்க, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையைக் கடைந்து சரிசெய்ய, லேத்துக்குப் போக வேண்டும், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கிரைண்டிங்குக்கு வேறு பட்டறை, டீசல் பம்ப்புக்கும், டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்கும் இன்னொரு இடம். ஒவ்வொருவரும் நாளைக்கு வா என்பார்கள். அதே மாடல் எஞ்சினைச் சென்னை புதுப்பேட்டையிலோ பக்கத்து ஊர்களிலோ தேடிப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரிலும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் வாங்குங்கள். முதல் தடவை கை வைப்பவருக்கு இதுவே பெரிய வேலைதான்.

கோவை லேத்:
நாமக்கல் அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஓடிய எஞ்சினை வாங்குவது, இன்னொருவர் தேய்த்ததைக் காசு கொடுத்து வாங்குவதுதான். கெட்டியான ஆயிலை ஊற்றி, சூடாக்கி வைத்து, ஸ்டார்ட் செய்து காட்டுவது எளிது. தம்பியிடம் இருக்கும் எஞ்சினின் வரலாறு அவருக்குத் தெரியும். ஆயில் இல்லாமல் ஓடியதா, சூடேறி நின்றதா என்று அவரே சொல்ல முடியும்.

இந்த எஞ்சினின் போர் 88.9 மி.மீ., ஸ்ட்ரோக் 101.6 மி.மீ.; அதாவது மூன்றரை அங்குலமும் நான்கு அங்குலமும். சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றி, துளையை அளக்கும் போர் கேஜை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலும், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பாருங்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களில் மேல் ரிங் திரும்புகிற இடத்தில்தான் தேய்மானம் அதிகமாக இருக்கும். அங்கே நகத்தால் தடவினாலே விளிம்பு தட்டுப்படுகிறது என்றால் ரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. அளக்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

சண்முகநதி:
இருவரும் சண்டையைத் தொடருங்கள், நடுவில் ஒன்று. பாரத்தோடு ஏறும்போது நீலப் புகை, ஆயில் மூடியிலும் புகை என்றால் ரிங்கும் போரும்தான் காரணமாக இருக்கும். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு, மறுபடி மிதிக்கும்போது மட்டும் நீலம் வந்தால் வால்வின் தண்டு ஓடும் வால்வு கைடைச் சந்தேகப்படலாம்; அதற்கு ஹெட் வேலையே போதும். கறுப்புப் புகை என்றால் முதலில் ஏர் ஃபில்டரையும் நாசிலையும் பார்க்க வேண்டும். தம்பி, இறக்கத்தில் எப்படி இருக்கிறது?

ஆயக்குடியான்:
இறக்கத்தில் அவ்வளவாக இல்லை அண்ணா. பாரம் ஏற்றி மேட்டில் மிதித்தால்தான் தள்ளுகிறது.

நாமக்கல் சக்கரம்:
அப்படியானால் முழு எஞ்சின் வேலை என்பது உறுதி. முழு எஞ்சின் வேலையை முதல் தடவையிலேயே சரியாகச் செய்வது கடினம் என்பதுதான் என் வாதம். மெயின் பேரிங் கேப் ஒன்றை இடம் மாற்றிப் போட்டாலோ, திருப்பிப் போட்டாலோ கிராங்க் இறுகிவிடும். கனெக்டிங் ராடின் கேப்பை அதன் ஜோடியோடு சேர்க்காவிட்டாலும் கேடுதான். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாமல் கைக்கணக்கில் முடுக்குகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நட்டம் யாருக்கு?

கோவை லேத்:
இவை கற்றுக்கொள்ள முடியாத வித்தைகள் அல்ல அண்ணா. கழற்றும்போதே கேப்பில் எண்ணும் முன்பக்கக் குறியும் போட்டுவிட்டால் எது எங்கே என்ற குழப்பமே வராது. டார்க் ரென்ச்சை வாடகைக்கோ இரவலாகவோ வாங்கிக்கொள்ளலாம். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளியே நோக்கி, ஒரே மூச்சில் இறுக்காமல், சுற்றுச் சுற்றாக இறுக்க வேண்டும். கம்பெனி கையேட்டில் வரிசையும் அளவும் இருக்கின்றன.

முதல் தடவைக்காரர்கள் கோட்டை விடுவது சுத்தத்தில்தான், அதைச் சொல்லிவிடுகிறேன். போர் ஹோனிங் (கல்லால் தேய்த்துக் குறுக்குக் கீறல் போடுவது) முடிந்து வந்ததும் டீசலால் துடைத்துவிட்டு மாட்டுகிறார்கள். கல்லின் பொடி அந்தக் குறுக்குக் கீறல்களுக்குள்ளேயே தங்கிவிடும். வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் ஏறினால் மறுபடி கழுவுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். வந்தவுடனே ஆயில் பூசிவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணெதிரே துரு பிடிக்கும். ஆயில் ஓடும் துளைகளின் அடைப்புகளைக் கழற்றி உள்ளேயும் பிரஷ் விட வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்கிற விவசாயியின் எஞ்சின், அவசரத்தில் செய்கிற பட்டறை எஞ்சினை விட நன்றாக ஓடும். இது நான் கண்ணால் கண்டது.

சண்முகநதி:
ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றும் முன்பு, அதை மட்டும் போருக்குள் விட்டு, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். இந்த அளவு போருக்கு 0.30 முதல் 0.40 மி.மீ. வரை என்பது பொதுவான கணக்கு. கையேடு வேறு சொன்னால் கையேடுதான் சரி. இடைவெளி இல்லாவிட்டால் சூட்டில் ரிங் முட்டி உடையும்.

கோவை லேத்:
இன்னொரு காரணமும் உண்டு. சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் பிளாக் அதே பிளாக் என்றால் எஞ்சின் எண்ணும் அதே எண். ஆர்.சி. புத்தகத்தில் எதுவும் மாறாது.

நாமக்கல் சக்கரம்:
ஆர்.சி.யைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதைப் பற்றிப் பேசுகிறது. எஞ்சின் மாற்றினால் 14 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விற்றவரின் ரசீதையும் பழைய வண்டியின் ஆவணங்களையும் கேட்டு வாங்குங்கள். அவை இல்லாமல் விற்கிறார் என்றால் அந்த எஞ்சினைத் தொடாதீர்கள். திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் வழக்கு உங்கள் வாசலுக்கு வரும். ஒழுங்காக வாங்கினால் ஒரு சிக்கலும் இல்லை.

கோவை லேத்:
எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வாங்கப் போகும்போது எண் ஒத்துவராவிட்டாலும், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கேட்கும்போது எண் ஒத்துவராவிட்டாலும் யார் அலைவது? அந்த அலைச்சலையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும்.

ஆயக்குடியான்:
எல்லோருக்கும் நன்றி. காய் குறைவாக இருக்கும் நேரத்தில் ஹெட்டை மட்டும் முதலில் கழற்றி, போரை அளக்கப் போகிறேன். தேய்மானம் போர் வேலைக்குள் அடங்கினால் என் எஞ்சினையே இறக்குவேன். பிளாக்கில் வெடிப்போ, கிராங்க் கிரைண்டிங் தாங்காத நிலையோ தெரிந்தால் நாமக்கல் அண்ணன் சொன்ன வழி. கூலி கொடுத்து முடித்துவிடலாம்தான். ஆனால் இந்த வண்டி அப்பா வாங்கியது. அது எப்படி ஓடுகிறது என்று என் கையால் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாமக்கல் சக்கரம்:
அளந்து பார்த்து முடிவு செய்வது நியாயம்தான். ஆனால் கிராங்கின் நிலை ஹெட்டைக் கழற்றினால் தெரியாது. எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் சம்பைக் கழற்றி ஒரு பேரிங்கையாவது பாருங்கள். என் கருத்து மாறவில்லை, அடுத்த பறிப்புக்குள் முடியாவிட்டால் மாற்றிவிடுங்கள். எஞ்சினை வேப்பமரக் கிளையில் மட்டும் கட்டித் தூக்காதீர்கள். அத்தனை கனத்தைக் கிளை தாங்குமா என்று சோதிக்கும் இடம் அது இல்லை.

கோவை லேத்:
மாட்டியதும் எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப்பை இழுத்துப் பிடித்து, டீசல் போகாமல், செல்ஃபை (ஸ்டார்ட்டரை) இடைவெளி விட்டு விட்டு அடியுங்கள். ஆயில் பிரஷர் காட்டிய பிறகே ஸ்டார்ட். ஓடத் தொடங்கியதும் மணிக்கணக்கில் ஐடிலில் நிறுத்தி வைக்காதீர்கள், ரிங் படியாது. கசிவு பார்த்துவிட்டு, அரைப் பாரத்தோடு ஒட்டன்சத்திரம் போய் வாருங்கள். அளவுகளை இங்கே எழுதுங்கள், எந்த அளவுக்கு போர் அடிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.