தங்கைக்கு பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்கிறார்கள். இது குணமா, நோயா?

கேள்வி:
தங்கைக்கு 26 வயது. மெசேஜுக்குப் பதில் போட அரை மணி நேரம் தாமதமானால் போதும், "உனக்கும் நான் பாரமாகிட்டேன்ல?" என்று எழுதுவாள், வரிசையாக மிஸ்டு கால் வரும், அதையும் எடுக்கவில்லையென்றால் பிளாக். ராத்திரி அவளே கூப்பிட்டு "அண்ணா, மன்னிச்சிடு" என்று அழுவாள். வேலையிலும் இதே கதைதான், முதல் மாதம் மேலாளர் தெய்வம், மூன்றாம் மாதம் எதிரி. வீட்டிலோ செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில் 1:
பிடிவாதமும் கோபமும் யாருக்குத்தான் இல்லை? அது போகிற இடமெல்லாம் கூடவே வந்து, வருஷக்கணக்கில் மாறாமல் நின்று, வேலையையும் உறவையும் குலைக்கும்போதுதான் கோளாறு என்கிறார்கள். மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும், 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டில் பார்டர்லைனுக்கு 9 அறிகுறிகள் இருக்கின்றன, குறைந்தது 5 இருக்க வேண்டும். அதனால் இந்தக் கோளாறு உள்ள இரண்டு பேர் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. பரம்பரையும் சின்ன வயது அனுபவமும் சேர்ந்து வருவது இது, செல்லத்தால் வருவதில்லை. இதற்கென்று தனி மாத்திரை கிடையாது, கூடவே வரும் மனச்சோர்வு போன்றவற்றுக்குத்தான் கொடுப்பார்கள். பேச்சு சிகிச்சைதான் முக்கியம். அதில் உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் டிபிடி என்ற முறையை உருவாக்கிய மார்ஷா லினஹான், இளவயதில் தானே மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011-ல் வெளிப்படையாகச் சொன்னார்.

பதில் 2:
எனக்கே இது இருக்கிறது அண்ணா. அந்த அரை மணி நேரம் உங்களுக்குத் தாமதம், எங்களுக்கு அது கைவிட்டுப் போனது மாதிரி, நெஞ்சு நிஜமாகவே அடைக்கும். அப்போது "ஏன் இப்படி ஓவரா பண்றே" என்று கேட்டால் இன்னும் மோசமாகும். நான் இப்போதெல்லாம் போனை வேறு அறையில் வைத்துவிட்டு முகத்தில் ஐஸ் தண்ணீர் அடித்துக்கொள்கிறேன், தெரபியில் சொல்லிக்கொடுத்ததுதான், கொஞ்ச நேரத்தில் படபடப்பு இறங்கும். இரண்டு வருஷமாகப் போகிறேன். முன்பு வாரத்துக்கு மூன்று முறை வந்த புயல் இப்போது மாதத்தில் ஒன்று.

பதில் 3:
மனைவிக்கு இருப்பதால் சொல்கிறேன். "பிஸி" என்று மட்டும் எழுதாதீர்கள், "மீட்டிங், 6 மணிக்குக் கூப்பிடுகிறேன்" என்று எழுதுங்கள், 6 மணிக்குக் கூப்பிடவும் செய்யுங்கள். கத்தினால், அமைதியானதும் பேசலாம் என்று சொல்லிவிட்டு போனை வைக்கலாம், தப்பில்லை. ஆனால் சாகிறேன் என்றால் மட்டும் மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள், தனியாக விடாமல் உடனே மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. "ஓவரா பண்றே" என்று நேற்றுகூடச் சொன்னேன். அப்புறம், தெரபிக்கு வரமாட்டேன் என்கிறாளே?

பதில் 2:
முதல் தடவை நீங்களும் கூடப் போய் வெளியே உட்கார்ந்திருங்கள். என் அக்கா அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.