ஐரோப்பிய வெப்ப வலையமைப்புகளுக்குக் கோவையிலிருந்து வால்வு அனுப்ப இயலுமா?

கேள்வி: கோவை வால்வுப் பட்டறை

வணக்கம். கோவையில் எஃகு வார்ப்பு வால்வுகள் செய்யும் சிறிய ஆலை ஒன்றை நடத்துகிறோம்; சில ஆண்டுகளாக வளைகுடா நாடுகளுக்கு அனுப்பி வருகிறோம். ஓரிடத்தில் நீரைச் சூடாக்கி, மண்ணில் புதைத்த குழாய்கள் வழியே வீடுதோறும் கொண்டுசெல்லும் டிஸ்ட்ரிக்ட் ஹீட்டிங் முறை டென்மார்க்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகளை எட்டிவிட்டது. ஜெர்மனியில் ஏழில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கிறது. 2024 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஜெர்மானிய வெப்பத் திட்டமிடல் சட்டம், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களுக்கு 2026 ஜூன் 30, மற்ற ஊர்களுக்கு 2028 ஜூன் 30 எனத் திட்டம் வகுக்கக் கெடு விதித்தது. இதனால் புதிய குழாய்ப் பாதைகள் வரக்கூடும் என்ற வாய்ப்பைப் பயன்படுத்த, நகராட்சி நிறுவனங்களின் டெண்டர்களில் நாங்களே நேரடியாகப் பங்கேற்கலாமா?

பதில் 1: குழாய்ப் பொறியாளர்

ஐயா, டெண்டரை விடப் பொருளைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். மண்ணுக்குள் போகும் பாதையில் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) வைத்த வார்ப்பு வால்வுக்கு அநேகமாக இடமில்லை. எஃகுக் குழாய், அதைச் சுற்றிப் பாலியூரித்தேன் நுரை, அதன்மேல் பாலிஎத்திலீன் உறை என மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே உடலாக அந்தக் குழாய் இயங்குகிறது. சூட்டில் நீளவும் குளிரில் சுருங்கவும் முயலும்போது எழும் விசை முழுவதையும் இடையில் இருக்கும் வால்வும் தாங்கியாக வேண்டும் என்பதால், உடலும் முனைகளும் முழுக்கப் பற்றவைக்கப்பட்ட எஃகு பந்து வால்வுகளையே அங்கே பயன்படுத்துகிறார்கள். இவற்றுக்கான ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 488, குழாய்க்கு ஈ.என். 253. நுரைக்குள் ஓடும் செப்புக் கம்பிகள் ஈரம் புகுந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் கசிவை மறைக்கவும் முடியாது.

குழாயையே அனுப்பலாம் என்ற எண்ணம் எழுந்தால் அதை விட்டுவிடுங்கள். 12 மீட்டர் நீளமும் பெருமளவு நுரையும் கொண்ட சரக்கைக் கப்பலில் ஏற்றுவது, காற்றுக்கு வாடகை கொடுப்பதற்குச் சமம்.

பதில் 2: ஏற்றுமதி ஆவணப் பணியாளர்

டெண்டர் பற்றிய கேள்விக்கு என் பதில், நேரடியாகப் போக வேண்டாம் என்பதே. பொதுப் பயன்பாட்டு நிறுவனங்களின் கொள்முதலுக்கான 2014/25 ஐரோப்பிய ஆணையின் 85-ஆவது பிரிவின்படி, சந்தை அனுமதி ஒப்பந்தம் இல்லாத நாடுகளின் பொருட்கள் மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் இருந்தால் அந்த டெண்டரை நிராகரிக்க இடமுண்டு. ஆனால், அங்குள்ள வால்வு உற்பத்தியாளருக்கோ, சப்ஸ்டேஷன் (குழாயில் வரும் வெப்பத்தைக் கட்டடத்துக்கு மாற்றித் தரும் அமைப்பு) உற்பத்தியாளருக்கோ நீங்கள் உறுப்பு வழங்குபவராக இருந்தால், டெண்டர் அவர்களுடைய பெயரில் போகும்.

கார்பன் எல்லை வரியையும், அதாவது இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது வெளியான கார்பனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் கட்டணத்தையும், கணக்கில் கொள்ளுங்கள். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் 7307 என்ற சுங்கக் குறியீட்டில் வரும் குழாய் இணைப்பு உறுப்புகள் உள்ளன. 8481 என்ற குறியீட்டில் வரும் வால்வுகள் அதில் இல்லை. அந்தப் பட்டியல் அப்படியே நிலைத்திருக்கும் என்று நம்பி ஐந்தாண்டுக் கணக்குப் போடாமல், உங்கள் உலையின் மின்சாரம், எரிபொருள் பதிவுகளை இப்போதே ஒழுங்காக எழுதி வைப்பது நல்லது.

கேள்வியாளர்

இருவருக்கும் நன்றி. பற்றவைத்த வால்வுக்கு எங்களிடம் இயந்திரங்கள் இல்லை. அப்படியானால் எங்கள் வார்ப்பு வால்வுகளுக்கு இதில் இடமே கிடையாதா?

பதில் 1: குழாய்ப் பொறியாளர்

இடம் உண்டு, அது மண்ணுக்கு மேலே, கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. அங்கே தகட்டு வெப்பப் பரிமாற்றி, கட்டுப்பாட்டு வால்வு, வடிகட்டி, பம்பு, வெப்ப மீட்டர் ஆகியவற்றை ஒரே சட்டத்தில் பூட்டிய சப்ஸ்டேஷன் நிற்கும். வடிகட்டிக் கூடு, பம்பின் உடல், ஃபிளாஞ்ச் வைத்த அடைப்பு வால்வு ஆகிய மூன்றுமே வார்ப்பு வேலைதான். ஈ.என். 10204-இன் 3.1 வகைப் பொருள் சான்றிதழ் கேட்பார்கள். வளைகுடாவுக்கு அனுப்பிய உங்களுக்கு அது புதிதாக இருக்காது. வீட்டில் குழாயைத் திறந்தால் வரும், குடிநீரிலிருந்து சூடாக்கிய சுடுநீரைத் தொடும் உறுப்பை மட்டும் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். குடிநீரைத் தொடும் உலோகக் கலவைகளுக்கு ஜெர்மனி தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இல்லாத கலவையை அவர்கள் ஏற்க மாட்டார்கள்.

பம்பு செய்யும் கிரண்ட்ஃபாஸும், வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்யும் டான்ஃபாஸும் டென்மார்க் நிறுவனங்கள்; இரண்டும் சென்னையிலேயே இயங்குகின்றன. சரக்குப் பெட்டியைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன், ஒரு மாதிரி வார்ப்போடு அங்கே கொள்முதல் பிரிவில் பேசிப் பாருங்கள்.