“ஏன் பார்க்கவில்லை?” என்று கேட்டதும் சாட்சி வாயை மூடிக்கொண்டார்

கடல் விபத்துப் புலனாய்வுப் பயிற்சியின் மூன்றாம் நாள். எதிரே ஓய்வுபெற்ற போசன் (மேல்தள மாலுமிகளின் தலைவர்) ஒருவர் உட்கார்ந்திருந்தார். கப்பலைச் சமநிலையில் வைக்கத் தண்ணீர் நிரப்பும் பேலஸ்ட் தொட்டிக்குள் இறங்கிய மாலுமி மூச்சுத்திணறி இறந்துவிட்டான். வாசலில் காவல் நின்றவராக இவர் நடிப்பார், நான் விசாரிக்க வேண்டும். பதினாறு ஆண்டுகள் கப்பலில் இருந்த எனக்கு முதலில் வாயில் வந்த கேள்வி: “அவனை இறக்குவதற்கு முன் ஆக்சிஜன் அளவை ஏன் பார்க்கவில்லை?”

அவர் கையைக் கட்டிக்கொண்டார். பிறகு “தெரியாது சார்” தவிர வேறு எதுவும் வரவில்லை.

“அன்று காலையிலிருந்து நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள், குறுக்கே பேசாதீர்கள்” என்றார் பயிற்சியாளர். மறுமுறை எல்லாம் வந்தது. மீட்டர் சீஃப் ஆபீசரின் அறையில் இருந்தது. இரவு முழுதும் சரக்கு ஏற்றிவிட்டு அவர் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

அன்று மாலை ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ விபத்தைப் படித்தோம். 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஜீப்ரக் துறைமுகத்திலிருந்து முன்கதவு திறந்தபடியே புறப்பட்டுக் கவிழ்ந்த, வாகனங்களையும் ஏற்றும் பயணிகள் கப்பல் அது. 193 பேர் இறந்தார்கள். கதவை மூட வேண்டிய உதவி போசன் தூங்கிவிட்டார். அவசரக்காரர் கையில் கிடைத்திருந்தால் கோப்பு அந்த வரியோடு மூடப்பட்டிருக்கும். ஆனால் கதவு மூடியிருக்கிறதா என்று கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜிலிருந்து அறிய வழியே இல்லை. அதற்கொரு விளக்குப் பொருத்தும்படி கேப்டன்கள் முன்பே கேட்டிருந்தார்கள்; நிர்வாகம் பொருட்படுத்தவில்லை. குறை என்று யாரும் வந்து சொல்லாவிட்டால் எல்லாம் சரி என்று கேப்டன் எடுத்துக்கொள்வதே நடைமுறை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் எத்தனை துறைமுகங்களில் அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறேன்!

அந்த விபத்துக்குப் பின், 1989-இல், பிரிட்டன் கடல் விபத்துகளுக்கென்றே தனிப் புலனாய்வுப் பிரிவு அமைத்தது. 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சர்வதேச விதித்தொகுப்பும், பாதுகாப்புப் புலனாய்வின் நோக்கம் குற்றவாளியைக் காட்டுவது அல்ல என்று தெளிவாகச் சொல்கிறது.

ஓய்வு நேரப் பதிவேட்டைப் படிக்கவும் அங்கேதான் கற்றேன். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு என்ற விதிப்படி கட்டங்கள் அழகாக நிரம்பியிருக்கும். பக்கத்தில் சரக்குப் பதிவை வைத்துப் பார்த்தால், ‘ஓய்வு’ என்று எழுதிய நேரத்தில் அதே ஆள் வேறொரு தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார்.

என் முதல் உண்மையான விசாரணையில் எதிரே இருந்தவன் தூத்துக்குடிப் பையன், இருபத்திரண்டு வயது. உட்கார்ந்ததும் கேட்டான்: “சார், என் சி.டி.சி. போய்விடுமா?” கப்பலில் வேலை செய்யத் தேவையான மாலுமிச் சான்றேடு அது.

“எங்கள் அறிக்கை யாரையும் தண்டிப்பதற்கு அல்ல தம்பி. ஆனால் உன் கம்பெனி என்ன செய்யும் என்பது என் கையில் இல்லை. பொய்யாக வாக்குக் கொடுக்க மாட்டேன்” என்றேன்.

கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் கேட்டான். பிறகு இரண்டு மணி நேரம் பேசினான். நான் நடுவில் கேட்டவை நான்கு கேள்விகள்தான்.