டாவின்சி ரிசால்வ்: நாலு ப்ராஜெக்ட்டுக்கும் பொதுவான காட்சிகளை எங்கே வைப்பது?

வணக்கம். டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் நாலு ப்ராஜெக்ட் வைத்திருக்கிறேன்: தைப்பூசக் காவடி, சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு தீபாவளி விளக்குகள், இரண்டு கல்யாணம். எல்லாம் ஒரே 4 டெராபைட் எஸ்எஸ்டியில். கோபுரம், பூக்கடை மாதிரி சில காட்சிகள் நாலிலும் வரும்.

சிக்கல் கோப்புப் பெயரில். கேமராவில் எண் 'ரீசெட்'டில் இருந்ததால், கார்டை ஃபார்மேட் செய்யும் ஒவ்வொரு முறையும் சி0001 என்றே தொடங்கியிருக்கிறது. இப்போது அதே பெயரில் ஆறு கோப்புகள். விண்டோஸ் டிரைவ் எழுத்தை இ-யிலிருந்து எஃப்-க்கு மாற்றியதும் மொத்தமும் 'மீடியா ஆஃப்லைன்' (கோப்பு கிடைக்கவில்லை). மேல் ஃபோல்டரைக் காட்டி ரீலிங்க் செய்தால் (கோப்புகளை மீண்டும் இணைத்தால்), பெருமாள் கோயில் வாசலில் பால்குடம் வரவேண்டிய இடத்தில் மணமேடை வந்து நிற்கிறது. டைம்கோடும் (காட்சியோடு பதிவாகும் நேர எண்) எல்லாவற்றிலும் பூஜ்யத்தில் தொடங்குவதால் பிரித்தறிய வழியில்லை.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிரைவ் எழுத்தை நிரந்தரமாக்கிவிட்டேன். இனி இறக்கும்போதே 250211_ஏ_சி0001 என்று தேதி, கேமராவோடு பெயர் வைப்பேன்; கேமராவிலும் எண்ணைத் தொடர்வரிசைக்கு மாற்றியாச்சு.

கேட்க வேண்டியது இரண்டு:

ஏற்கெனவே எடிட் செய்த டைம்லைனை உடைக்காமல் பழைய கோப்புகளுக்கு மொத்தமாகப் பெயர் மாற்ற வழி உண்டா? ஒவ்வொரு கிளிப்பாக மாற்றினால் 600க்கு மேல்.

பொதுக் காட்சிகளைப் பவர் பின்னில் (ப்ராஜெக்ட்டுகளுக்குப் பொதுவான ஃபோல்டர்) போட்டால் ஒரே ப்ராஜெக்ட் லைப்ரரிக்குள்தான் (ப்ராஜெக்ட்டுகளைச் சேமிக்கும் தரவுத்தளம்) தெரியும். வேறு கணினியில் எடிட் செய்யும் நண்பருக்கும் அதே காட்சித் தொகுப்பு வேண்டும். ப்ராஜெக்ட் சர்வர் (பல கணினிகள் ஒரே லைப்ரரியைப் பகிர்வதற்கானது) போட்டவர்கள் இருந்தால், எப்படி அமைத்தீர்கள் என்று சொல்லுங்களேன்.