பில்ஜ் பம்ப்: நீரேற்றியா, எக்கியா, இறைப்பியா?

பாளையங்கோட்டையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். சிறு உல்லாசப் படகு ஓட்டுபவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் ‘பில்ஜ் பம்ப்’ என்ற கருவிக்குத் தமிழ்ப் பெயர் கிடைக்காமல் வேலை நின்றுகிடக்கிறது. இதுவரை குழுவில் வந்த பெயர்கள் அடித்தள நீரேற்றி, படகு எக்கி, மூழ்கல் தடுப்பான். படித்தவுடனே விளங்குகிறது என்பதால் கடைசிச் சொல்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. உவரி அண்ணாச்சி இந்தக் கருவியோடு புழங்குபவர். அவர் என்ன சொல்கிறார்?

உவரியிலிருந்து:

தம்பி, அந்தக் கடைசிச் சொல்லை முதலில் அடித்துவிடுங்கள். அந்தக் கருவி எந்தப் படகையும் மூழ்காமல் தடுக்காது. பெட்டியில் மணிக்கு 500 கேலன் என்று போட்டிருப்பான். அமெரிக்க கேலன் கணக்கில் அது ஏறத்தாழ 1,890 லிட்டர். நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 2.5 செ.மீ. குறுக்களவில் ஓர் ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் உள்ளே பாயும். மணிக்கு 3,600 லிட்டர். பெட்டியில் போட்ட அளவும் தண்ணீரை உயரே தூக்காமல் பார்த்த அளவு. குழாய் ஒரு மீட்டர் ஏறி, இரண்டு இடத்தில் வளைந்து, பாட்டரியும் சற்று இறங்கியிருந்தால் அதில் நல்ல பங்கு போய்விடும். ‘மூழ்கல் தடுப்பான்’ என்று எழுதி ஒட்டிப் பாருங்கள்: ஓட்டையில் துணியைத் திணிக்க வேண்டிய ஆள் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கைகட்டி நிற்பான்.

எஞ்சினிலிருந்து வெளி விசிறிக்குப் போகும் தண்டு படகைத் துளைத்து வெளியேறும் இடத்தில் சொட்டுவது, அலை தெறித்து விழுவது, மழை பெய்து சேர்வது எல்லாம் ஏராவை, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டையை, ஒட்டிய பள்ளத்தில் போய்த் தேங்கும். அந்தப் பள்ளம்தான் பில்ஜ். கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லையே கிடையாது. கட்டைகளின் இடுக்கு வழியாக வந்த தண்ணீர் அதே வழியில் இறங்கிவிடும். வள்ளத்துக்கு உண்டு. பலகை இடுக்கை அடைக்கும் கலப்பற்றை எவ்வளவு நன்றாக அடித்தாலும் தண்ணீர் ஊறத்தான் செய்யும். ஒருவர் குனிந்து இறைத்துக்கொண்டே வர வேண்டும். அவர் செய்த வேலையைத்தான் இந்தக் கருவி செய்கிறது.

‘நீரேற்றி’ எனக்கு ஒப்பவில்லை. தாமிரபரணிக் கரையில் நீரேற்று நிலையம் என்று பலகை வைத்திருக்கிறார்களே, அங்கே தண்ணீர் நமக்கு வேண்டும். படகில் வேண்டாம். நம் பக்கத்தில் குடிக்கக் கிணற்றில் கோருவோம். வயலுக்குக் கமலையில் இறைத்தோம். இறைத்தல் என்றால் வாரி வீசுதலும்தான். ‘நெல்லைத் தரையெல்லாம் இறைத்துவிட்டான்’ என்கிறோம் அல்லவா? மொண்டு வெளியே தள்ளுவது என்ற பொருள் அதில் தானாகவே வந்து உட்காருகிறது. ஆகவே இறைப்பி.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

எக்கியை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டுமா? பாடநூல் தமிழில் அதற்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது.

உவரியிலிருந்து:

தள்ளவில்லை ஐயா, வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம். வயிற்றை எக்குவது என்றால் உள்ளே இழுப்பது. சிறு படகில் வழக்கமாகப் பொருத்தும் மின்பம்ப் எதையும் இழுப்பதில்லை. தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து, உள்ளிருக்கும் சிறு சக்கரம் சுழன்று நீரை விளிம்புக்கு வீசித் தள்ளுகிறது. தண்ணீருக்கு மேலே பொருத்தினால் வெறுமனே சுற்றும். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டும் பம்ப் வேறு; அதில் ரப்பர்ச் சவ்வு விரியும்போது குழாய் வழியே நீர் மேலே இழுபடும். அதைத் தண்ணீரிலிருந்து தள்ளி, ஓட்டுநரின் கைக்கு வாகாக வைக்கலாம். பாட்டரி செத்தாலும் வேலை செய்யும். அதற்குக் ‘கை எக்கி’ என்ற பெயர் அச்சாகப் பொருந்தும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், மின்பம்பை மேடையில் பொருத்திவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்று நம்மிடமே கேட்பார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

சரி, பெயரின் பின்பாதி முடிந்தது. முன்பாதிக்கு அடிநீர்?

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அடிநீர் என்றால் நிலத்தடி நீர் நினைவுக்கு வரும். கசிநீர் என்றால் மழையும் அலையும் விட்டுப்போகும். அகடு என்ற பழைய சொல் வயிற்றையும் உட்புறத்தையும் குறிக்கும். பில்ஜுக்கு அதைத் தரலாமே.

உவரியிலிருந்து:

படத்தில் இடத்தைச் சுட்ட அகடு இருக்கட்டும், கடற்கரையில் யாருக்கும் அது பழக்கமில்லை என்றாலும். கருவிக்கு வேண்டாம். எங்கிருந்து வந்தாலும் அங்கே தேங்குகிறது. தேங்குநீர் இறைப்பி என்றால் ஒருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

பாளையங்கோட்டையிலிருந்து:

ஏற்றுக்கொள்கிறேன். சொல்லைப் புழங்கிப் பார்க்கக் கையேட்டின் பத்தியை இங்கேயே இடுகிறேன்:

“கரையை விட்டுக் கிளம்புமுன் அகட்டைத் திறந்து நூல், கந்தல், பாலிதீன் துண்டுகளை அகற்றவும், அவை இறைப்பியின் சல்லடையை அடைத்துவிடும். தண்ணீர் ஏறினால் இறைப்பியைத் தானாக ஓட்டும் மிதவைச் சுவிட்சைக் கையால் தூக்கவும்; இறைப்பி ஓட வேண்டும். தேங்குநீர் இறைப்பிக்கான மின்கம்பி, உருகி (ஃபியூஸ்) வழியாக நேரே பாட்டரிக்குச் செல்ல வேண்டும். அப்போதுதான் மற்றவற்றை அணைத்துவிட்டுப் போன பிறகும் அது தானாக ஓடும். வெளியேற்றும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் வெளித்தண்ணீர் அதே குழாயில் திரும்ப உள்ளே வரலாம். இறைப்பி வழக்கத்தைவிட அடிக்கடி ஓடினால் கசிவு எங்கே என்று தேடவும்.”

உவரியிலிருந்து:

நன்று. இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும். அகட்டில் டீசலோ எண்ணெயோ மிதந்தால் மிதவைச் சுவிட்சின் தானியங்கி இயக்கத்தை அணைத்துவிட்டு, உறிஞ்சும் துணியால் ஒற்றி எடுத்த பிறகே இறைக்க வேண்டும். பாபநாசம் அணையில் ஓடும் படகு என்றால், அந்தத் தண்ணீரைத்தான் கீழே நாம் எல்லோரும் குடிக்கிறோம்.