பேரிடர் உதவியில் பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பவர் யார்?

கேள்வி: போரோ நிலநடுக்கமோ நேர்ந்தவுடன் உலக உணவுத் திட்டம், யுனிசெஃப் எனப் பல அமைப்புகள் ஒரே சமயத்தில் களமிறங்குகின்றன. யார் எதைச் செய்வது என்பதை முடிவு செய்பவர் யார்? பணம் எங்கிருந்து வருகிறது?

மறுமொழி 1: 1991இல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 46/182ஆம் தீர்மானமே இதற்கு அடிப்படை. அவசரகால நிவாரண ஒருங்கிணைப்பாளர் என்ற பதவி அதன்வழி உருவானது. 2005 முதல் துறைவாரியாகத் தலைமை அமைப்புகள் இருக்கின்றன: சுகாதாரம் உலக சுகாதார நிறுவனத்திடமும், குடிநீரும் ஊட்டச்சத்தும் யுனிசெஃபிடமும் உள்ளன. பாதிக்கப்பட்ட நாட்டின் ஒப்புதலோடு உதவி செல்ல வேண்டும் என்பதே அத்தீர்மானத்தின் பொது விதி என்பதால், அரசே மறுக்கும் இடங்களில் எல்லாம் சிக்கலாகிவிடுகிறது.

மறுமொழி 2: பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். 2020இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற உலக உணவுத் திட்டம் முழுக்க முழுக்க விருப்ப நன்கொடையில்தான் இயங்குகிறது. நன்கொடை குறைந்தால் குடும்பத்துக்கான உணவுப்பங்கையே குறைக்க வேண்டியிருக்கும். உடனடித் தேவைக்கென 2006 முதல் ஐ.நா.வின் மைய அவசரகால நிதி செயல்படுகிறது என்றாலும், என் பார்வையில் அது தேவைக்கு முன் மிகச் சிறியது.

மறுமொழி 3: களத்தில் முன்னுரிமையைச் சில சமயம் குழந்தையின் மேல்கையைச் சுற்றி அளக்கும் ஒரு வண்ணப் பட்டையே தீர்மானிக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் பட்டை சிவப்பைக் காட்டும். அக்குழந்தைக்குத் தீவிர ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்கான சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்: நன்றி. செஞ்சிலுவைச் சங்கமும் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்குமா?

மறுமொழி 1: அடங்காது. 1863இல் தொடங்கிய பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு ஐ.நா.வின் அங்கமன்று, கூட்டங்களில் கலந்துகொண்டாலும் தனித்தே இயங்குகிறது.