மிஸ்மேட்ச் ரிப்பேர்: கலைச்சொல் என்ன?

வணக்கம்.

டிஎன்ஏ பழுதுநீக்கம் பற்றிய கட்டுரைகளுக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. டிஎன்ஏ-வைப் படியெடுக்கும்போது தப்பாக ஜோடி சேர்ந்த எழுத்துகளைச் செல் சரிசெய்யும் மிஸ்மேட்ச் ரிப்பேருக்கு ‘இணைப்பிழை பழுதுநீக்கம்’ என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?

* * *

ஐயா, வணக்கம்.

இணை + பிழை என்று நினைத்துச் செய்திருக்கிறீர்கள். இணைப்பு + இழை என்றும் அது பிரியும். புதிய இழை, பழைய இழை என்று வரிக்கு வரி இழை வரும் பாடத்தில் மாணவர் அப்படித்தான் படிப்பார்.

‘பழுது’ அதைவிடப் பெரிய சிக்கல். டிஎன்ஏ-வின் எழுத்துகளான காரங்களில் ஏ-க்கு (அடினைன்) எதிர் இழையில் டி (தைமின்), ஜி-க்கு (குவானைன்) எதிரே சி (சைட்டோசின்) வரும். ஜி-க்கு எதிரே சி வரவேண்டிய இடத்தில் டி வந்து உட்கார்ந்துவிட்டது என்று வையுங்கள். ஜி-யும் பழுதில்லை, டி-யும் பழுதில்லை. வேதியியல்படி இரண்டும் முறையான காரங்கள், ஜோடிதான் தப்பு. ஆகவே எதைக் கழற்றுவது என்பதை அந்த ஜோடியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. எது புதிய இழை என்று தெரிந்தாக வேண்டும்.

ஈ. கோலை பாக்டீரியா இதைத் தெரிந்துகொள்ளும் விதம் அழகானது. ஜி-ஏ-டி-சி என்று வரும் இடங்களில் அடினைன்மீது மெத்தில் தொகுதி என்ற சிறு வேதிக்குறி ஏற்றப்படும். படியெடுத்து முடிந்த கொஞ்ச நேரத்துக்குப் புதிய இழையில் மட்டும் அது இருக்காது. மியூட்-எஸ் என்ற புரதம் பொருந்தாத இணையைப் பிடிக்கிறது, மியூட்-எல் வந்து சேர்கிறது, மியூட்-ஹெச் மெத்தில் ஏறாத இழையில் வெட்டுகிறது. வெட்டு விழுவது பிழைக்குப் பக்கத்தில் அல்ல. 1,000 காரங்கள் தள்ளிக்கூட இருக்கலாம். அங்கிருந்து பிழையைத் தாண்டும்வரை இழையை உரித்தெடுத்து, படியெடுக்கும் நொதியான பாலிமரேஸ் புதிதாக நிரப்ப, லைகேஸ் நொதி ஒட்டுகிறது. மனித செல்லில் மியூட்-ஹெச் கிடையாது. புதிய இழையில் இருக்கும் விடுபட்ட இணைப்புகள் அடையாளமாக உதவுகின்றன.

இழை மாறி வெட்டினால் சரியான எழுத்து போய்விடும், தவறு நிலைக்கும். வெட்டாமலே விட்டாலும், அடுத்த படியெடுப்பில் ஒரு சேய் மூலக்கூறுக்கு ஜி-சி, மற்றதற்கு ஏ-டி. இனி எந்த நொதிக்கும் அதில் குறை தெரியாது. அதுதான் சடுதிமாற்றம்.

எனவே என் பரிந்துரை ‘பொருந்தா இணைத் திருத்தம்’. ஒற்று விடக்கூடாது, இணையைத் திருத்துவது. பாலிமரேஸ் படியெடுக்கும்போதே பின்வாங்கித் தன் தவறை வெட்டுவதற்கு ‘மெய்ப்புத் திருத்தம்’ வைக்கலாம். ஏறத்தாழ 1,00,000 எழுத்துக்கு ஒன்று விழும் பிழையை மெய்ப்புத் திருத்தம் சுமார் 100 மடங்கு குறைக்கிறது. எஞ்சியதை இணைத் திருத்தம் இன்னொரு 100 மடங்காவது குறைக்கிறது. படியெடுப்பில் வரும் தவறு என்றால் திருத்தம், வேதிச்சேதம் என்றால் சீரமைப்பு என்று பட்டியல் முழுக்க ஒரே விதி வைத்துவிடலாம். வேதிமாற்றத்தால் யுராசில் என்ற வேறு காரமாகிவிட்ட சைட்டோசினைக் கழற்றுவது ‘காரநீக்கச் சீரமைப்பு’. புறஊதாக் கதிரால் ஒட்டிக்கொண்ட தைமின்களை, மனித செல்லில் 24 முதல் 32 நியூக்ளியோடைடுவரை (இழையின் ஓர் எழுத்தளவு அலகு) துண்டாக எடுப்பது ‘துண்டுநீக்கச் சீரமைப்பு’. ஆங்கிலத்தில் இது ‘நியூக்ளியோடைடு எக்சிஷன் ரிப்பேர்’ என்றாலும், இதில் நியூக்ளியோடைடு என்ற சொல்லை இழுக்கத் தேவையில்லை. போவது ஒன்றல்ல, ஒரு துண்டு.

* * *

விதி நன்றாக இருக்கிறது அம்மா. ஓர் இடத்தில் இடிக்கிறது. மெத்தில் ஏறிய சைட்டோசின் அமினோ தொகுதியை இழந்தால் யுராசில் ஆகாது, நேராகத் தைமின் ஆகிவிடும். எதிரே ஜி. பார்வைக்கு அசல் பொருந்தா இணை, காரணமோ வேதிச்சேதம். சி-க்கு அடுத்து ஜி வரும் இடங்களில் சடுதிமாற்றம் குவிவதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்பதால், கட்டுரையில் விட்டுவிடவும் முடியாது. இதைத் திருத்தம் என்பதா, சீரமைப்பு என்பதா?

* * *

சீரமைப்புதான், ஐயா. அங்கே மியூட் புரதங்களை நம்பிப் பயனில்லை. படியெடுப்பு நடக்காததால் புதிய இழை என்று ஒன்று இல்லை. இந்த ஜி-டி இணையில் தைமின் கிளைக்கோசிலேஸ் என்ற நொதி எப்போதும் டி-யைத்தான் கழற்றும். பிறகு எண்டோநியூக்ளியேஸ் நொதி அந்த இழையின் முதுகெலும்பை (சர்க்கரை-பாஸ்பேட் சங்கிலி) வெட்ட, பாலிமரேஸ் பீட்டா ஒரே எழுத்தை நிரப்பும். முழுக்கக் காரநீக்கப் பாதை. அதனால் விதியை இப்படி மாற்றி எழுதுங்கள்: இணையைப் பார்த்துப் பெயர் வைக்கக்கூடாது, பாதையைப் பார்த்து வைக்கவேண்டும். அந்த ஜி-டி-யைப் ‘பொருந்தா இணை’ என்றே குறிக்கலாம். ‘இணைத் திருத்தம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.